மூளை நரம்புகள்: எந்த நரம்பு என்பதோடு நிறுத்தாமல் எந்த இடம் என்றும் பார்க்க. அனுபவப் பகிர்வு

உடற்கூறியல் கற்பிப்பவர்

12 ஜோடி நரம்புகளையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பவர்கள்கூட நோயாளி எதிரே உட்கார்ந்ததும் தடுமாறுகிறார்கள். "ஏழாம் நரம்பு" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் காரணம். மூளைத்தண்டிலிருந்து தசை வரை அந்த நரம்பு போகும் வழியில் எங்கே அடி விழுந்தது என்பதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. பரிசோதனையில் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகளை எழுதுங்கள்.

ஒன்றாம் நரம்பிலிருந்து தொடங்குகிறேன், அதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். பின்மண்டையில் அடிபட்டு வந்தவர் "சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு" என்பார். நாக்கில் உப்பும் சர்க்கரையும் வைத்தால் சரியாகச் சொல்லிவிடுவார். போனது ருசி இல்லை, முகர்வு. அடிபட்ட வேகத்தில் மூளை முன்னும் பின்னும் அசையும்போது, மூக்கின் கூரையில் உள்ள சல்லடை எலும்பின் துளைகள் வழியே ஏறும் மெல்லிய இழைகள் அறுந்துவிடுகின்றன. சோதிக்கும் முன் சளி அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, மறு நாசியில் காபித்தூள் அல்லது சோப்பைக் காட்டுங்கள். அமோனியா வேண்டவே வேண்டாம். அந்தக் காரத்தை உணர்த்துவது ஐந்தாம் நரம்பு என்பதால், வாசனை அறவே தெரியாதவரும் முகத்தைச் சுளிப்பார். "முகர்வு இயல்பு" என்று பொய்யாகப் பதிவாகிவிடும்.

கண் சிகிச்சைப் பிரிவு

இரண்டாம் நரம்பான பார்வை நரம்புக்கு டார்ச் சோதனை. அறை மங்கலாக இருக்க வேண்டும், நோயாளி தூரத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். டார்ச்சையே பார்த்தால், கிட்டப் பார்வையாலேயே கண்மணி சுருங்கிவிடும். ஒவ்வொரு கண்ணிலும் 2 அல்லது 3 விநாடி வெளிச்சம், உடனே அடுத்த கண். வெளிச்சம் வந்த பிறகும் ஒரு பக்கம் கண்மணி சுருங்காமல் விரிந்தால், அந்தப் பக்கத்துப் பார்வை நரம்பிலோ பரவலாக விழித்திரையிலோ கோளாறு. கண்புரை மட்டும் இருந்தால் இப்படி விரியாது.

மூன்றாம் நரம்பு பாதித்தால் இமை தொங்கும், கண் வெளிப்பக்கமும் கீழுமாக ஒதுங்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது கண்மணியை. அதைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் முதலில் நசுங்குவது அவைதான். சர்க்கரை நோயில் உள்ளே போகும் நுண்குழாய்களுக்கு ரத்தம் குறைவதால் நடுப்பகுதி பாதிக்கப்படும், மேல் இழைகள் பெரும்பாலும் தப்பிக்கும். ஆகவே தலைவலி, தொங்கும் இமை, விரிந்த கண்மணி மூன்றும் சேர்ந்து வந்தால், ரத்தக்குழாய் வீக்கம் நரம்பை அழுத்துகிறது என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்க வேண்டும். இமை முழுதும் மூடியிருந்தால் அதைத் தூக்கிப் பார்க்காமல் விடுகிறார்கள், அது பெரிய தவறு. கண்மணி இன்று இயல்பாக இருந்தாலும் அடுத்த சில நாட்கள் மறுபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காம் நரம்பு மூளைத்தண்டின் பின்புறமிருந்து கிளம்பும் ஒரே நரம்பு, மிக மெல்லியது. இது பாதித்தவர் படி இறங்கும்போதும் படிக்கும்போதும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தெரிகிறது என்பார். தலையை நல்ல பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொள்வார். அந்தச் சாய்வு பல ஆண்டுப் பழையதா என்று பழைய புகைப்படங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆறாம் நரம்பு இடத்தைப் பற்றி ஏமாற்றக்கூடியது. மண்டையோட்டின் அடிச்சரிவில் நெடுந்தூரம் ஏறி, எலும்பு விளிம்பில் சட்டென்று வளைகிறது. மண்டைக்குள் அழுத்தம் எங்கே கூடினாலும் இது இழுபடும். கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை என்றால் ஆறாம் நரம்பின் வழியில் கட்டியைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள், பார்வைத் தட்டு (கண்ணுக்குள் பார்வை நரம்பு தொடங்கும் இடம்) வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நரம்பியல் பிரிவு

ஐந்தாம் நரம்பில் உணர்ச்சியைச் சோதிக்கும்போது தாடைக் கோணத்தை மறக்காதீர்கள். அந்தத் தோல் முகத்தோடு சேர்ந்ததல்ல, கழுத்து நரம்புகளுக்கு உரியது. ஐந்தாம் நரம்பு மரத்தாலும் அங்கே உணர்வு இருக்கும்.

கருவிழி அனிச்சையில்தான், அதாவது கருவிழியைத் தொட்டால் இமை தானாக மூடுகிறதா என்று பார்ப்பதில்தான், அதிகம் தவறுகிறார்கள். பஞ்சின் நுனியை முறுக்கி இழையாக்கி, நோயாளியை மறுபக்கம் பார்க்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கருவிழியின் ஓரத்தைத் தொட வேண்டும். நேரே கொண்டுவந்தால் பயத்தில் இமைப்பார். வெள்ளை விழியைத் தொட்டால் பதில் சரியாக வராது. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். உணர்வை ஐந்தாம் நரம்பு கொண்டுபோகிறது, இமையை மூடுவது ஏழாம் நரம்பு. தொட்ட கண் மூடாமல் மறு கண் மூடினால் ஐந்து நன்றாக இருக்கிறது, குறை ஏழில்.

இனி ஏழு. நெற்றிக்கு மூளையின் இரு பக்கமிருந்தும் கட்டளை வருவதால், மூளையில் பக்கவாதம் வந்து வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். நெற்றியும் சேர்ந்து செயலிழந்தால் கோளாறு நரம்பிலோ மூளைத்தண்டில் அது தொடங்கும் நரம்பணுத் தொகுப்பான கருவிலோ. பலரும் இங்கே "பெல்ஸ் பால்சி" (காரணம் தெரியாமல் ஏழாம் நரம்பு திடீரெனத் தளர்வது) என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பாதையோடு நடந்து பாருங்கள். ஒரு கிளை மட்டும் தளர்ந்திருந்தால் காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியைத் தடவிப் பாருங்கள். முன்நாக்கில் ருசி குறைந்து, சாதாரணச் சத்தம் காதை அறைவதுபோல் கேட்டால் பாதிப்பு எலும்புக் குழாய்க்குள். கேட்கும் திறனும் குறைந்தால் இன்னும் உள்ளே. அதே பக்கத்துக் கண்ணும் வெளிப்புறம் திரும்பவில்லையா? ஏழாம் நரம்பின் இழைகள் ஆறாம் நரம்பின் கருவைச் சுற்றி வளைந்துதான் வெளியே வருகின்றன. பாதிப்பு மூளைத்தண்டிலேயே இருக்கலாம். காது மடலில் கொப்புளம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், இருந்தால் அது அக்கி வைரஸ்.

பிசியோதெரபி

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். பெல்ஸ் பால்சியில் ஸ்டீராய்டு 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வாய் கோணலைப் பார்த்துக் கவலைப்படும் வீட்டார் மூடாத கண்ணைக் கவனிப்பதில்லை. வாய் காலப்போக்கில் நேராகலாம், காய்ந்து புண்ணான கருவிழியில் தழும்பு விழுந்தால் அது அப்படியே தங்கிவிடும். பகலில் கண் ஈரச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு, இமையை முழுசாக மூடிய பிறகே டேப். பாதி திறந்த கண்மேல் பஞ்சு வைத்துக் கட்டினால் பஞ்சே கருவிழியை உராயும்.

காது மூக்கு தொண்டை

எட்டாம் நரம்பில் கேட்கும் திறனைச் சோதிக்க 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை போதும். ஒலியைக் காதோரத்திலும் காதுக்குப் பின் எலும்பிலும் வைத்து ஒப்பிடுவது ரின்னி சோதனை; ஒரு காது முழுக்கச் செவிடாக இருந்தால் அது ஏமாற்றும்: காதுக்குப் பின் எலும்பில் வைத்த ஒலி மண்டையோடு வழியே நல்ல காதுக்குப் போய்விடும், நோயாளி "கேட்குது" என்பார். வெபர் சோதனையையும் சேர்த்துச் செய்தால் பிடிபடும். நெற்றி நடுவில் வைத்த ஒலி நல்ல காதுப் பக்கம் போனால் குறை நரம்பிலோ உட்காதிலோ.

பத்தாம் நரம்பின் இடது குரல்வளைக் கிளை மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றித்தான் மேலே வருகிறது. அதனால் 3 வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால் தொண்டையோடு மார்பையும் பார்க்க வேண்டும்.

பேச்சு, விழுங்கல் சிகிச்சை

பத்தாம் நரம்பு ஒரு பக்கம் பாதித்தால், "ஆ" என்னும்போது உள்நாக்கு நல்ல பக்கம் இழுபடும். குமட்டல் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், இயல்பானவர்கள் பலருக்கும் அது வராது. வருகிறது என்பதற்காக விழுங்குவது பாதுகாப்பு என்றும் ஆகாது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் ஈரமாக மாறுகிறதா என்று கேளுங்கள்.

அறுவை சிகிச்சைப் பிரிவு

பதினொன்றுக்கு ஒரு வரி. கழுத்தின் பின் முக்கோணத்தில் நிணநீர்க் கணு எடுத்த பிறகு கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று வந்தால், அதைத் தோள் மூட்டு வலி என்று அனுப்பாதீர்கள். அந்த நரம்பு அங்கே தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது.

நரம்பியல் பிரிவு

பன்னிரண்டில் நாக்கு கெட்ட பக்கம் சாயும். ஆனால் முகம் தளர்ந்தவருக்கு வாய் ஒரு பக்கம் இழுபட்டிருப்பதால் நேரான நாக்கும் சாய்ந்ததுபோல் தெரியும். தொங்கும் வாயோரத்தை விரலால் தூக்கிப் பிடித்து, மூக்கு நுனியோடு ஒப்பிடுங்கள். நாக்கின் துடிப்பை வெளியே நீட்டச் சொல்லித் தேடக் கூடாது, நீட்டினால் யாருக்கும் நடுங்கும். வாயைத் திறந்து, கீழ்ப்பல் வரிசைக்குள் தளர்வாகக் கிடக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். மேற்பரப்புக்கு அடியில் புழு நெளிவதுபோல் தெரிந்து, ஓரம் சுருங்கியும் இருந்தால் கோளாறு நரம்பிலோ அதன் கருவிலோதான்.