வேலூர் சத்துவாச்சாரி பேஸ்-2 தெரு வாட்ஸ்அப் குழு: சாம்பார் வேணாம், ராத்திரி ஆள் வேணும்

மூணாவது கிராஸ் அக்கா: மூலை வீட்டம்மா பக்கவாதத்துல படுத்துட்டாங்க. வீட்டுக்காரரும் இல்ல. பத்தாவது படிக்கற பொண்ணுதான் எல்லாம் பார்க்குது. தினம் ஒரு வீட்ல இருந்து சாப்பாடு குடுக்கலாமா?

நர்ஸம்மா: மொதல்ல, பேரு போட்டோ எதுவும் இங்க போடாதீங்க. அந்தப் பொண்ணு கிளாஸ் பசங்களோட அம்மாங்களும் இந்தக் குழுவுல இருக்காங்க. சாப்பாட்ட விட அந்தப் பொண்ணுக்குத் தேவை தூக்கம். படுத்தே இருக்கறவங்கள 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டணும். இல்லன்னா இடுப்புக்குக் கீழயும் குதிகால்லயும் ரத்த ஓட்டம் நின்னு, சிவந்து புண்ணாயிடும். ராத்திரி பூரா அது ஒண்டியா செய்யுது.

மாடிவீட்டு தம்பி: காத்து மெத்தை வாங்கிட்டா?

நர்ஸம்மா: நல்லதுதான், ஆனா புரட்டறத நிறுத்த முடியாதுப்பா. ஒண்டியா புரட்டறப்போ விளங்காத கையப் புடிச்சு இழுத்தா தோள்பட்டை நழுவிடும், அங்க தசைக்குப் பிடிமானம் இல்ல. பெட்ஷீட்ட மடிச்சு தோள்ல இருந்து தொடை வரைக்கும் அடியில போட்டு, ரெண்டு பக்கமும் ஆளுக்கொருத்தர் புடிச்சு நகர்த்தணும். ஒருக்களிச்சதும் முட்டிங்களுக்கு நடுவுல ஒரு தலகாணி. வாரத்துல ரெண்டு ராத்திரி ரெண்டு பொம்பளைங்க அங்க படுத்தா அந்தப் பொண்ணு முழுசா தூங்கும்.

மூணாவது கிராஸ் அக்கா: கஞ்சி ஊட்டறதாவது நான் பார்த்துக்கறேன்.

நர்ஸம்மா: நிமிர்த்தி உக்கார வச்சுதான் ஊட்டணும். தண்ணியா வேணாம், கொஞ்சம் கெட்டியா. நல்லா இருக்கற பக்கத்து வாயில, சின்ன ஸ்பூன். இருமினாலோ குரல் கொழகொழன்னு மாறினாலோ அதோட நிறுத்திடுங்க, நுரையீரலுக்குப் போயி நிமோனியா ஆயிடும். சாப்ட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க.

மருந்துக்கடை அண்ணன்: அவங்களுக்கு இன்சுலினும் போகுது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கற பாட்டிலுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சுதான். ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 பாட்டில் மருந்த ஆரஞ்சு மூடியில ஏத்தினா பாதிகூட உள்ள போகாது. பத்தாவது படிக்கற புள்ள தலையில இதையும் கட்டக் கூடாதுங்க. காலைல பெரியவங்க யாராவது அளவு பார்த்துட்டுப் போங்க.

நர்ஸம்மா: சுகர் 70-க்குக் கீழ போயி வேர்த்துக் கொட்டினா 3 டீஸ்பூன் சர்க்கரைய கொஞ்சமா தண்ணில கெட்டியா கரைச்சு, நிமிர்த்தி உக்கார வச்சு ஸ்பூன்ல குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். மயங்கிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாம 108. மாத்திரை, பிசியோதெரபி ரெண்டும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்துல வீட்டுக்கே வரும். நகர்ப்புற சுகாதார நிலையத்துல பேரு குடுக்கணும்.

டீச்சர்: கலெக்டர் ஆபீஸ் நம்ம ஏரியாவுலதான இருக்கு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கன்னு அங்க கேட்டுப் போங்க. பெத்தவங்க படுத்துட்டா மிஷன் வாத்சல்யா திட்டத்துல 18 வயசு வரைக்கும் மாசம் 4,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். நகரத்துல வருஷ வருமானம் 96,000-க்கு மேல போகக் கூடாது. டாக்டர் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று மூணையும் கையோட கொண்டு போங்க, பாதி வீட்டுக்கு இதுலதான் இழுத்தடிக்கும். ஸ்கூல்ல கிளாஸ் டீச்சருக்கு மட்டும் தெரிஞ்சா போதும், லேட்டா வந்தா வெளிய நிக்க வைக்க மாட்டாங்க. அப்புறம், பார்க்கறப்பல்லாம் ‘பொறுப்பான பொண்ணு’ன்னு புகழாதீங்க. அதுக்கப்புறம் கஷ்டத்த வாய் திறந்து சொல்லாது.

மூணாவது கிராஸ் அக்கா: சரி, செவ்வாய் ராத்திரி நானும் எங்க ஓரகத்தியும் போறோம்.

டீச்சர்: எந்த நாள் தோதுன்னு அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. புதன் டெஸ்ட் இருந்தா செவ்வாயே நல்லது.

மருந்துக்கடை அண்ணன்: காலைல 7 மணி இன்சுலின் அளவு நான் பார்த்துக்கறேன். ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆள் சொல்லுங்க.