கடோலினியம் பிடிக்கும் புரதம்: கரைசல் கலங்குது, உலோகமும் மிஞ்சுது

இரணைமடு:
எம்.ஆர்.ஐ. படத்தைத் தெளிவாக்கிற உலோகம் கடோலினியம். அதைப் பிடிக்க, கல்மொடியூலின் எண்ட புரதத்தில கல்சியத்தைப் பிடிக்கிற ஈஎஃப்-ஹேண்ட் வளையத்தை வைச்சு சின்னப் புரதம் ஒண்டு வடிவமைக்கிறம். பிபிஎஸ் (பொசுபேற்று உப்புக்) கரைசலில கடோலினியம் சேர்த்தவுடன வெள்ளையாய்க் கலங்குது. பிடிபடாமல் மிஞ்சின உலோகத்தைக் காட்டுற சாயம், சைலினோல் ஒரேஞ்சும் ஊதாவாகுது. வளையத்தை மாத்திறதா, செய்முறையை மாத்திறதா?

முத்தையன்கட்டு:
முதல்ல செய்முறை. பிபிஎஸ்ஸில ஏறக்குறைய 10 மில்லிமோலர் பொசுபேற்று இருக்கு. கடோலினியம் பொசுபேற்று கரையாது, அந்த வெள்ளை அதுதான். 20 மில்லிமோலர் ஹெப்பெஸ் (பொசுபேற்று இல்லாத தாங்கற்பொருள்), 100 மில்லிமோலர் உப்பு, பிஎச் 7 எண்டு மாத்துங்கோ. பிஎச் ஏறினால் ஐதரொட்சைட்டாயும் படியும். உலோகத்தைக் கலக்கிக் கலக்கிக் கொஞ்சங்கொஞ்சமாய் விடுங்கோ.

சைலினோல் ஒரேஞ் வழமையாய் பிஎச் 5.8 இல பாக்கிறது. அந்த அமிலத்தில புரதமே உலோகத்தை விட்டிடலாம். அதால புரதத்தை மேல மறிக்கிற 3 கிலோடால்டன் வடியில போட்டு மையவிலக்கியில சுத்தி, கீழ வடியிறதை மட்டும் சோதியுங்கோ.

இன்னொண்டு, எங்கட வன்னிக் கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட. அதில அலசின கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம். வெறும் புரதம் எண்டு நீங்கள் அளக்கிறதில ஏற்கனவே கல்சியம் குந்தியிருக்கும். நைத்திரிக் அமிலத்தில கழுவின பிளாஸ்டிக் குழாய் எடுங்கோ, கரைசலை, உலோக அயன்களை உறிஞ்சிற செலெக்ஸ் பிசினில ஓட்டுங்கோ. சுத்திகரிப்பில பாவிச்ச, உலோகத்தைப் பிடிக்கிற ஈடிடிஏ துளி மிஞ்சினாலும் கணக்குப் பிழைக்கும்.

கனகராயன்:
வளையமும் மாறத்தான் வேணும். 12 அமினோ அமிலத்தில 1, 3, 5, 7, 9, 12 ஆம் இடங்கள்தான் உலோகத்தைப் பிடிக்கிறது. கடோலினியத்துக்கு மூண்டு நேரேற்றம், அதால 1, 3, 5, 9 இல அஸ்பார்ட்டேற்றும் 12 இல குளுட்டமேற்றும் வைச்சுப் பாருங்கோ. 7 ஆம் இடம் முதுகெலும்புச் சங்கிலியின்ர ஒட்சிசனால பிடிக்குது. பக்கச்சங்கிலி சும்மா கிடக்கும். அங்க டிரிப்டோபன் வைச்சால், கடோலினியத்துக்குப் பதிலாய் அதைப்போல நடக்கிற, ஒளிரும் உலோகமான டெர்பியம் சேர்த்து 280 நனோமீற்றரில தூண்டி 545 இல ஒளிர்வு பாக்கலாம். நாட்டம் (பிடிக்கிற இறுக்கம்) பிக்கோமோலர் அளவுக்குப் போனால் நேரடி அளவீடு சரிவராது, உலோகத்தைப் பிடிக்கிற இன்னொரு பொருளான ஈஜிடிஏயோட போட்டிக்கு விடுங்கோ.

கடோலினியத்துக்கு 8, 9 பிடிமானம் வேணும். எல்லாத்தையும் புரதத்தால அடைச்சுப்போடாதேங்கோ! ஒரு நீர் மூலக்கூறு உள்ள வந்துபோனால்தான் படம் பிரகாசிக்கும். 2018 இல அறிவிக்கப்பட்ட லன்மொடியூலின் எண்ட புரதம் கடோலினியம் போன்ற அருமண் உலோகங்களை மிக இறுக்கமாய்ப் பிடிக்கும், நல்ல தொடக்கம். ஆனால் நீருக்கு இடம் இருக்கோ எண்டதைத் தனியாய்ப் பாக்கவேணும்.

வவுனிக்குளம்:
கனகராயன் அண்ணை சொன்ன இறுக்கத்தோட, கழரும் வேகத்தையும் பாருங்கோ. வவுனியாப் பக்கம் சிறுநீரகம் பழுதான ஆக்கள் கனபேர். அவையின்ர உடம்பில மருந்து நெடுநேரம் தங்கும், கழண்ட கடோலினியம் தோலை இறுக்கிற நோயைத் தரும். 2006 இல அந்தத் தொடர்பு வெளிச்சத்துக்கு வந்தது. 2017 இல ஐரோப்பா, உலோகத்தைக் கூண்டுக்குள்ள அடைக்காத நேர்ச்சங்கிலி மருந்து வகைகள் பலதை நிறுத்தினது.

37 பாகையில, மனித சீரத்தில, துத்தநாகமும் 1 மில்லிமோலர் பொசுபேற்றும் சேர்த்து 72 மணித்தியாலம் வைச்சு, தளர்வுத்திறனை (படத்தைப் பிரகாசமாக்கிற வலுவை) இடைக்கிடை அளவுங்கோ. சரிஞ்சால் வளையத்தை விட்டிட்டு, கடோலினியத்தைச் சுத்திப் பிடிக்கிற டோட்டா எண்ட வளைய மூலக்கூற்றுக் கூண்டைப் புரதத்தின்ர லைசினில ஒட்டுங்கோ. கடோலினியம் ஏத்தின தனி டோட்டாவின்ர தளர்வுத்திறன் 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில ஏறக்குறைய 4 தான் (ஒரு மில்லிமோலருக்கு, ஒரு செக்கனுக்கு). புரதத்தோட இறுக்கமாய் ஒட்டினால் சுழற்சி மந்தமாகி அது கூடும்.