மும்பை மாட்டுங்கா, செம்பூர் பக்கம் உறை போட்ட பெப்பர்மின்ட் கேப்ஸ்யூல் கிடைக்குமா?

வீட்டில் 34 வயது ஆளுக்கு ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்று டாக்டர் சொல்லி 14 மாதம் ஆகிறது. ஒரு வாரம் வயிற்றுப்போக்கு, அடுத்த வாரம் மலச்சிக்கல். சாப்பிட்ட அரை மணியில் வயிறு உப்பி, இடது அடிவயிறு பிடித்து இழுக்கும். மலம் கழித்தால் குறையும். ரத்தம் இல்லை, எடை குறையவில்லை, ராத்திரி வலி வந்து எழுப்புவதும் இல்லை. சீலியாக் (கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய்), தைராய்டு, மல கால்புரோடெக்டின் (குடல் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது) சோதனை எல்லாம் நார்மல்.

முதலில் கோதுமைத் தவிடு. உப்பசம் கூடியதுதான் மிச்சம் (கரையாத நார் இப்படித்தான் படுத்தும்). பிறகு இசப்கோல்: ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து மூன்று வாரத்தில் இரண்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு. மலம் சீரானது, வலி போகவில்லை. சாம்பாரில் வெங்காயம், பூண்டை நிறுத்திப் பெருங்காயம் மட்டும் போட்டதில் உப்பசம் கொஞ்சம் அடங்கியது. லோபரமைடு மாத்திரை ரயில் பயணத்துக்கு மட்டும். அது போக்கை நிறுத்தும், வலியைத் தொடாது.

மிச்சம் இருப்பது பெப்பர்மின்ட் எண்ணெய். 0.2 மிலி, குடலில் போய்க் கரையும் உறையோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தினம் மூன்று வேளை. கடைகளில் எடுத்து நீட்டுவதோ சாதா புதினா கேப்ஸ்யூல். அது இரைப்பையிலேயே உடைந்து நெஞ்செரிச்சல் தருகிறது. ஆன்டாசிடோடு (அமிலத்தைக் குறைக்கும் மருந்து) சேர்த்து விழுங்கினால் உறை போட்டதுக்கும் அதே கதிதான், அதனால் ஆன்டாசிடை நிறுத்தியாகிவிட்டது.

மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் இந்த உறை போட்ட வகை எந்த மெடிக்கலில், என்ன பெயரில் கிடைக்கிறது?