பிள்ளைகளோடு கடினமான மலையேற்றம்: அவர்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

காவிரிக்கரை (ஈரோடு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு வயது 15, மகளுக்கு 12. வரும் மாசி மாதத்தில் என் கணவரும் அவருடைய கல்லூரி நண்பர்கள் சிலரும், கோயம்புத்தூர் பக்கம் ஏழு மலைகளைக் கடந்து ஏற வேண்டிய வெள்ளியங்கிரி மலைக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறார்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்வதாகச் சொல்கிறார்கள். ஏழு மலையையும் ஏறி இறங்கிவிட்டால் பையனுக்குப் பொறுப்பும் மன உறுதியும் தானாக வந்துவிடும் என்பது என் கணவரின் வாதம். மகன் மறுக்கவும் இல்லை, ஆர்வம் காட்டவும் இல்லை. "போகணும்னா போறேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் மூழ்கிவிட்டான். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் என் மாமனாரும் இப்போது தானும் வருவதாகப் பிடிவாதம் பிடிக்கிறார்.

உடலை வருத்தும் பயணம் ஒன்று ஒருவருடைய குணத்தை உண்மையிலேயே மாற்றுமா, அல்லது நாம் அப்படி நம்ப விரும்புகிறோமா? அந்த மலையில் குறிப்பிட்ட வயதுப் பெண்கள் ஏறும் வழக்கம் இல்லாததால், குடும்பப் பயணம் என்று பெயர் இருந்தாலும் நானும் மகளும் வீட்டில்தான் இருக்க வேண்டும். இதையும் கருத்தில் கொண்டு, அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மலைநடை (கோயம்புத்தூர்) எழுதிய பதில்:

வணக்கம் சகோதரி. நண்பர்கள், உறவினர்கள் கொண்ட குழுக்களோடு பல ஆண்டுகளாக மலைகளில் நடந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். மலை யாரையும் தானாக மாற்றுவதில்லை. அங்கே யாருக்காக யார் வேகத்தைக் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. வலுவானவர்கள் முன்னே ஓடிப்போய் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவதும், பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த நொடியிலேயே "சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவதும் நம் குழுக்களில் வாடிக்கை. இதனால் ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்பட்டவருக்குக் கிடைப்பதில்லை. அப்படி ஏறிய சிறுவன் கற்றுக்கொள்வதெல்லாம், தான் வேகமானவன் அல்லது தான் சுமை என்பது மட்டுமே.

எனவே நான் போகும் குழுக்களில் மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு, மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வருவதாக ஏற்பாடு செய்துகொள்வோம். பேசிக்கொண்டே ஏற முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். வெள்ளியங்கிரியில் இது மிகவும் முக்கியம். ஏனென்றால் முதல் மலையின் செங்குத்தான கற்படிகளைப் புதியவர்கள் உற்சாகத்தில் விறுவிறுவென்று ஏறிக் களைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஐந்து மலைகளைக் கடந்து, ஆண்டி சுனைக்கு இறங்கி, மீண்டும் ஏழாவது மலையின் சரிவில் நிமிர்ந்து ஏற வேண்டியிருக்கிறது. வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில் ஏறுவதால், களைப்போடு தூக்கமும் சேர்ந்துகொள்கிறது. பூண்டி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியைப் பலர் ஏறும்போது விளையாட்டாகவே சுழற்றிக்கொண்டு வருவார்கள். அது உண்மையில் பயன்படுவது இறங்கும்போதுதான்.

இரண்டாவதாக, பையனுக்கு உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள். ஒருமுறை எங்களோடு வந்த பத்தாம் வகுப்பு மாணவனிடம், அவனுடைய பெரியப்பாவுக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். முதல் மலையில் சலித்துக்கொண்டே வந்தவன், மூன்றாவது மலையில் அவர் உட்கார இடம் தேடுவதற்கு முன்பே ஒரு பாறையின் மேலிருந்த சருகுகளைத் தடியால் தள்ளி, பாம்போ தேளோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இங்க உட்காருங்க பெரியப்பா" என்றான். அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆனால் உங்கள் குடும்பத்துக்கு முதல் பயணமாக வெள்ளியங்கிரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்களும் மகளும் வரக்கூடிய மலையாக இருப்பதே நல்லது. தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை, எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தி, இணைய முன்பதிவோடு திறந்தது. காடுகளையொட்டி வாழும் மக்களிலிருந்து பயிற்சி பெற்றவர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். கோத்தகிரியின் லாங்வுட் சோலை போன்ற எளிய பாதையில் தொடங்கி, பிள்ளைகளின் கால் பழகிய பிறகு அடுத்த நிலைக்குப் போகலாம். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருக்கும் வாரங்களில் இப்பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் மாசியை விட்டுத் தை மாதத்துக்குள் திட்டமிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் பரவிய தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. அனுமதியில்லாத பாதையில் "சாகசம்" என்று யாராவது அழைத்தால் நண்பரானாலும் மறுத்துவிடுங்கள்.

தேயிலைச்சாரல் (ஹட்டன், இலங்கை) எழுதிய பதில்:

வணக்கம் அக்கா. எங்கள் பக்கத்தில் சிவனொளிபாதமலைக்குக் குடும்பமாகப் போவது வழமை. 2,243 மீட்டர் உயரம்; நல்லதண்ணிப் பக்கமாகப் போனால் ஏறத்தாழ 5,500 படிகள். மார்கழிப் போயா (பௌர்ணமி) தொடங்கி வெசாக் போயா வரைக்கும் பருவகாலம் என்பதால், அந்த மாதங்களில் வழியெல்லாம் மின்விளக்கும் தேத்தண்ணிக் கடைகளும் இருக்கும். கைக்குழந்தையோடு வருபவர்களையும், கம்பிப் பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறும் கிழவிகளையும் ஒரே இரவில் பார்க்கலாம்.

என் பிள்ளைகள் முதன்முறை ஏறியபோது எங்கள் அம்மம்மாவும் கூட வந்தா. ஒவ்வொரு கடையிலும் அவ இருந்து எழும்பியதால், சூரியோதயத்துக்கு உச்சிக்குப் போய்ச் சேர எங்களால் முடியவில்லை. மலையின் முக்கோண நிழலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வந்த என் மூத்தவனுக்கு அது பெரிய ஏமாற்றம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். ஆனால் இறங்கும் வழியில் அம்மம்மாவின் முழங்கால் நடுங்கத் தொடங்கியபோது, ஒரு படி கீழே பக்கவாட்டில் நின்று தோளைக் கொடுத்துக்கொண்டு நல்லதண்ணி வரை வந்தவன் அவன்தான். அன்றைக்குப் பிறகு அவன் வீட்டில் பெரிதாக மாறிவிட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மம்மாவோடு பேசும் விதம் மட்டும் மாறியது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றை நடைமுறையாகச் சொல்கிறேன்: ஏற்றத்தில் நெஞ்சும் மூச்சும் சோதிக்கப்படுகின்றன, இறக்கத்தில் தொடையும் முழங்காலும் சோதிக்கப்படுகின்றன. பிள்ளைகள் இறக்கத்தில் ஓடப் பார்ப்பார்கள். கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகுவது நல்லது. மேலே காற்றும் குளிரும் கடுமையாக இருக்கும். வியர்வையில் நனைந்த மேற்சட்டையை மாற்றுவதற்கு உலர்ந்த ஒன்று ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும்.

கரும்பலகை (திருச்சி) எழுதிய பதில்:

மேலே எழுதியவர்களுடன் பெருமளவு உடன்படுகிறேன். ஆனால் சகோதரி கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் நேரடியான பதில் வேண்டும் என்று ஆசிரியனாகிய எனக்குத் தோன்றுகிறது.

துன்பப்பட்டால் குணம் வளரும் என்ற நம்பிக்கையை ஒரு கல்வி முறையாகவே ஆக்கிய முன்னோடிகளுள் ஒருவர் கூர்ட் ஹான். அவரும் கப்பல் நிறுவன உரிமையாளரான லாரன்ஸ் ஹோல்ட்டும் 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார்கள். போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது உயிர்காக்கும் படகுகளில் இளம் மாலுமிகளைவிட வயதில் மூத்தவர்களே அதிகம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்ற ஹோல்ட்டின் கவலையே அதற்குத் தூண்டுதல். அங்கே இளைஞர்கள் வாரக்கணக்கில் தங்கி, படகோட்டவும் மலையேறவும் மீட்புப் பணி செய்யவும் பழகினார்கள். அதாவது, அந்த முறையை உருவாக்கியவர்களே ஓர் இரவு ஏற்றத்தை நம்பவில்லை. தொடர்ந்த பழக்கத்தையும் பிறருக்கு உதவும் கடமையையும் நம்பினார்கள். ஒரே ஏற்றத்தில் பொறுப்பு வந்துவிடும் என்று உங்கள் கணவர் எதிர்பார்ப்பது பையனுக்கு நியாயமானதல்ல.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது, திரும்பி வந்த பிறகு வீட்டில் நடக்கும் பேச்சு. பையன் நாலாவது மலையில் உட்கார்ந்துவிட்டான், அழுதுவிட்டான், இனி நடக்க மாட்டேன் என்றான் என்று அப்பா வேடிக்கையாக அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பதினைந்து வயதில் அது வேடிக்கை அல்ல. அவனுடைய பயணத்தைப் பற்றி மற்றவர்களிடம் என்ன சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று: திரும்பிவிடலாம் என்று சொல்லும் உரிமை அவனுக்கும் இருக்கிறது என்பதை, புறப்படுவதற்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவனின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. "போகணும்னா போறேன்" என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களைக் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். கரும்பலகை ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் யார்கிட்டயும் சொல்லிச் சிரிக்க மாட்டேன்" என்றார். நண்பர்களோடு வெள்ளியங்கிரிக்கு அவர் மட்டும் போய்வரட்டும் என்றும், தை மாதத்தில் நாங்கள் நால்வரும் கோத்தகிரிக்குச் செல்வது என்றும் பேசி முடித்திருக்கிறோம். பாதையைப் பற்றி விசாரித்து, முன்பதிவு செய்து, யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மகனுடையது. அவன் முதலில் செய்த காரியம், அப்பாவின் பையில் கைப்பேசிக்கு அனுமதியில்லை என்று எழுதியதுதான். மகள் தானே முன்னால் நடப்பேன் என்று இப்போதே சண்டை பிடிக்கிறாள்.

மாமனார் மட்டும் இன்னும் வெள்ளியங்கிரியை விடுவதாக இல்லை. அவரிடம் எப்படிச் சொல்வது?

மலைநடை எழுதியது:

நீங்கள் சொல்ல வேண்டாம் சகோதரி, மருத்துவர் சொல்லட்டும். இதய நோய், இரத்த அழுத்தம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் அந்த மலையில் ஏற வேண்டாம் என்று வனத்துறையே எச்சரிக்கிறது. மூச்சுத்திணறியும் நெஞ்சு வலித்தும் இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அடுத்தடுத்து வந்தன. நள்ளிரவில் ஐந்தாவது மலையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். பூண்டிக்கு வந்து சேர மணிக்கணக்காகும். இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்று பரிசோதனை செய்துவிட்டு, அவர் வாயாலேயே பதிலைக் கேட்கச் செய்யுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் கோத்தகிரிக்கு அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அப்போது முன்னால் நடப்பவர் யார் என்ற சண்டையும் தீர்ந்துவிடும். தாத்தாதான் முன்னால், பேத்தி அவருக்கு அடுத்து. மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.