காது எலும்பு இறுகிவிட்டதாம், ஆபரேஷன் செய்யலாமா? (மும்பை) அவசரம்

செம்பூர்_முத்து: அக்காவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. எலும்பு இறுகியிருக்கிறது, அடுத்த வாரமே அட்மிட் ஆகுங்கள் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. செய்துகொண்டவர்கள் உடனே சொல்லுங்கள்.

மாட்டுங்கா மாமி: வயசு என்னப்பா? ஒரு காதா, ரெண்டுமா?

கணேஷ்_தானே: அழுக்கு அடைத்திருக்கும். முதலில் சுத்தம் செய்து பாருங்கள். எங்கள் வீட்டில் அதோடு சரியானது.

ஒலியன்: டாக்டர் காதைப் பார்க்காமலா சொல்லியிருப்பார் கணேஷ்? முத்து, ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் கோடுகளாகக் காட்டும் சோதனை ரிப்போர்ட்) இல்லாமல் இங்கே கேள்வி போடக்கூடாது என்று எத்தனை முறை எழுதுவது? பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

செம்பூர்_முத்து: மன்னிக்கணும் சார். வயது 34, இரண்டு காதும், வலது மோசம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கூடிவிட்டது. ரிப்போர்ட்டில் ஓட்டோஸ்கிளிரோசிஸ், அதாவது காது எலும்பு இறுகும் நோய், என்று இருக்கிறது. லோக்கல் ரயில் இரைச்சலில் நாங்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது, வீட்டில்தான் கேட்பதில்லை. அது எப்படி?

ஒலியன்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரைச்சலில் நாம் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுகிறோம். அந்த இரைச்சல் அவர் காதில் அவ்வளவாக விழாது, உயர்த்திய குரல் விழும். இந்த நோயில் அடிக்கடி காண்பதுதான். உடலிலேயே சிறிய எலும்பு காதுக்குள் இருக்கும் அங்கவடி, சுமார் 3 மி.மீ. அதன் அடித்தட்டு உள்காதின் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டால் ஒலி உள்ளே போகாது. ஆடியோகிராமில் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் எலும்புவழிக் கோடும் (மண்டை எலும்பு வழியாகக் கேட்பதைக் காட்டும் கோடு) சரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காட்கோபர்_செல்வி: தம்பி, எனக்கு இடது காதில் செய்தார்கள். மரத்துப்போகும் ஊசிதான், முழு மயக்கம் இல்லை. அடித்தட்டில் மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, பிஸ்டன் என்ற சிறு செயற்கைத் தண்டை அங்கவடிக்கு அடுத்த காது எலும்பில் மாட்டுவார்கள். மேஜையிலேயே டாக்டர் மெதுவாக என் பெயரைச் சொன்னார், கேட்டது. அழுதுவிட்டேன். அப்புறம் கொஞ்ச நாள் தலைசுற்றல், நாக்கின் இடது ஓரத்தில் இரும்புச் சுவை. மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

கணேஷ்_தானே: உலோகம் வைத்தால் அப்புறம் எம்ஆர்ஐ எடுக்கவே முடியாது!

ஒலியன்: தவறு. இப்போது வைப்பது பெரும்பாலும் டெஃப்லான், டைட்டானியம். எது வைத்தார்கள் என்ற சீட்டைப் பத்திரமாக வைத்தால் போதும்.

செம்பூர்_முத்து: தீபாவளிக்கு ஃப்ளைட்டில் ஊருக்குப் போகலாமா?

மாட்டுங்கா மாமி: சில வாரம் ஃப்ளைட் வேண்டாம்பா. நாகர்கோவில் வண்டியில் போங்கள்.

கணேஷ்_தானே: தீபாவளி சமயத்தில் அதில் டிக்கெட்டா? தத்கால்கூடக் கிடைக்காது.

மாட்டுங்கா மாமி: நாங்கள் வருஷா வருஷம் போகிறோமே!

ஒலியன்: டிக்கெட்டுக்கு வேறு இழை இருக்கிறது. முத்து, இது மெல்ல வளரும் நோய், அடுத்த வாரமே செய்தாக வேண்டியதில்லை. நல்ல கையில் பத்தில் ஒன்பது பேருக்குக் கேட்கும் திறன் நன்றாகத் திரும்புகிறது. ஆனால் நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது அடியோடு போய்விடவும் கூடும். அதனால்தான் மோசமான காதை மட்டும் முதலில் செய்வார்கள். இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். காது மிஷின் வைத்தும் பார்க்கலாம், அதில் ஆபத்தே இல்லை.

செம்பூர்_முத்து: தள்ளிப்போட்டாச்சு. சனிக்கிழமை வேறு டாக்டரைப் பார்க்கிறோம். நன்றி செல்வி அக்கா, நன்றி சார்.