குளச்சலில் இறங்கிய டச்சுப் படைக்கு முதல் (மூலதனம்) எங்கிருந்து வந்தது?

தக்கலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுப் படை தோற்ற 1741 குளச்சல் போரை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல் வெற்றித்தூணையும், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும், அப்போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையையும் பார்த்தே வளர்ந்தவர்கள். பாடத்தை முடிக்கும் நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இன்றைய நெதர்லாந்து கேரளத்தைவிடச் சற்றுத்தான் பெரியது என்கிறீர்கள். அங்கே தங்கச் சுரங்கமும் இல்லை, வெள்ளிச் சுரங்கமும் இல்லை. இவ்வளவு தூரம் கப்பலும் பீரங்கியும் அனுப்ப அவர்களுக்குப் பணம் ஏது?" என்று கேட்டாள்.

மிளகு வணிகத்தில் கிடைத்த லாபம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மிளகை வாங்குவதற்கே முதலில் பணம் வேண்டும். கப்பல் போய்த் திரும்ப ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த முதல் முடங்கிக் கிடக்கும். இன்னொரு பக்கம், 1545 இல் தென் அமெரிக்காவின் பொட்டோசி வெள்ளி மலையைக் கண்டெடுத்த ஸ்பெயின், இரண்டாம் பிலிப்பின் ஆட்சியில் மட்டும் 1557, 1560, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அமெரிக்க வெள்ளியே ஐரோப்பாவைச் செல்வமாக்கியது என்று பொதுவாகச் சொல்லப்படுவதோடு இது எப்படிப் பொருந்தும்? வெள்ளி இருந்தவன் நொடித்துப்போக, இல்லாதவன் குறைந்த வட்டியில் கடன் பெற்றது எப்படி? "நம்பிக்கை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், அது நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதை விளக்கினால் வகுப்பில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

நாகர்கோவில் வரலாற்று மாணவன் எழுதியது:

வணக்கம் டீச்சர். உங்கள் மாணவியின் கேள்வி இந்தக் காலகட்டத்தின் மையத்தையே தொடுகிறது. ஸ்பெயினிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே தவறியது என்ன என்று தெரிந்தால்தான் டச்சுக்காரரின் முதன்மை மாகாணமான ஒல்லாந்தில் நடந்தது விளங்கும்.

பொட்டோசியில் வெட்டிய வெள்ளி முழுவதும் அரசனுக்குச் சேரவில்லை. ஐந்தில் ஒரு பங்கு அரசனுடையது. மீதி சுரங்கக்காரர்களுக்கும் வணிகர்களுக்கும் போனது. அரசின் வருமானத்தில் பெரும்பகுதி அப்போதும் ஸ்பெயினின் மையப் பகுதியான காஸ்டில் மக்கள் கட்டிய வரியே. அரசனுக்குரிய வெள்ளியும் ஆண்டுக்கொரு முறை கப்பல் தொகுதியாக செவில் துறைக்கு வந்து சேரும். ஆனால் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த நெதர்லாந்துப் பகுதியில் போரிட்ட படைவீரனுக்குச் சம்பளம் மாதாமாதம் வேண்டும், அதுவும் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரில் செல்லுபடியாகும் பணமாக வேண்டும். இந்தக் கால இடைவெளியையும் தூர இடைவெளியையும் நிரப்பியவர்கள் வங்கியாளர்கள்: முதலில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பம், பின்னர் இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள். 1519 இல் பிலிப்பின் தந்தையும் ஸ்பெயின் அரசனுமான ஐந்தாம் சார்லஸ் புனித ரோமானியப் பேரரசனாகத் தேர்ந்தெடுக்கப்படச் செலவான 8,51,918 ஃபுளோரினில் (அக்காலப் பொன் நாணயம்) 5,43,585 ஃபுளோரினை யாக்கோப் ஃபுக்கர் ஒருவரே கொடுத்தார். நீங்கள் இல்லாமல் நான் இல்லை என்று கடன் வாங்கியவன் சொல்வதுதான் வழக்கம். அந்தப் பேரரசனுக்கு, நான் இல்லாமல் உங்களுக்கு அந்த மகுடம் கிடைத்திருக்காது என்று கடன் கொடுத்தவரே கடிதம் எழுதினார்.

அரசன் வாங்கிய குறுகிய காலக் கடனுக்கு அசியெந்தோ என்றும், வரி வருமானத்தை ஈடாகக் காட்டிய நீண்ட காலக் கடனுக்கு ஹுரோ என்றும் பெயர். போர்ச்செலவு வரவை மீறியபோது அரசன் அசியெந்தோக்களை நிறுத்திவைத்து, அவற்றைக் குறைந்த வட்டி தரும் ஹுரோக்களாக மாற்றும்படி வங்கியாளர்களோடு பேரம் பேசினான். நாம் "கைவிரித்தல்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 1575 இல் அப்படி நிறுத்தியதும் ஜெனோவாக்காரர்கள் நெதர்லாந்துக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தினார்கள். சம்பளம் இல்லாத படை கலகம் செய்து, 1576 நவம்பரில் ஆண்ட்வெர்ப்பைச் சூறையாடியது. வட ஐரோப்பாவின் பணச்சந்தையாக விளங்கிய நகரத்தை, அதே அரசனின் படையே எரித்தது. 1585 இல் ஸ்பானியப் படை அந்நகரை மீண்டும் முற்றுகையிட்டுப் பிடித்த பிறகு, வணிகர்களில் பலர் தங்கள் முதலோடும் தொழில் அறிவோடும் வடக்கே ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்விட்டார்கள்.

ஒல்லாந்தில் கடன் வாங்கியது தனி அரசன் இல்லை. நகரங்களும் மாகாணமும் ஆண்டுத்தொகைப் பத்திரங்களை விற்றன. பீர், திராட்சைமது, உப்பு, மாவு அரைப்பு போன்றவற்றின் மீது விதித்த வரியிலிருந்து அதற்குரிய தொகை ஆண்டுதோறும் கொடுக்கப்பட்டது. இங்கே முக்கியமான ஒன்று, அந்த வரியை விதித்த நகரசபையில் உட்கார்ந்திருந்தவர்களே அந்தப் பத்திரங்களை வாங்கிவைத்திருந்தார்கள். கடனைக் கட்டாமல் விட்டால் அவர்களுடைய சொந்தப் பெட்டிதான் காலியாகும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 8 விழுக்காட்டை ஒட்டியிருந்த வட்டி, 1640 இல் 5 ஆகவும் 1655 இல் 4 ஆகவும் இறங்கியது. ஸ்பெயினோடு 80 ஆண்டுகள் நீடித்த போருக்கு இடையிலும் அதை அடுத்தும் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் உதாரணம் தருகிறேன். நெதர்லாந்தில் லெக் ஆற்றின் கரையைக் காக்கும் நீர்க்குழு ஒன்று 1648 இல் கரைப்பணிக்காக 1,000 கில்டருக்கு (டச்சு நாணயம்) ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தது. முதலைத் திருப்பித் தரும் நாள் என்று அதில் எதுவும் கிடையாது. வட்டி மட்டும் என்றென்றைக்கும். ஆட்டுத்தோலில் எழுதிய அந்தப் பத்திரம் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. இந்த நூற்றாண்டிலும் அதற்கு வட்டி கொடுக்கப்பட்டிருக்கிறது.

மார்த்தாண்டம் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் எழுதியது:

தம்பி அரசுக் கடனை நன்றாக விளக்கிவிட்டார். குளச்சலுக்கு வந்தது அரசின் படையன்று, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை என்பதால், கம்பெனியின் முதலைப் பற்றி நான் எழுதுகிறேன்.

1602 இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது ஏறக்குறைய 64 லட்சம் கில்டர் முதல் திரண்டது. ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பங்கு எழுதினார்கள். பங்குப் பதிவு ஓர் இயக்குநரின் வீட்டில் நடந்தது. அந்த வீட்டின் பணிப்பெண்ணும் தன் பங்காக 100 கில்டர் எழுதியிருக்கிறாள். பெருவணிகரும் பணிப்பெண்ணும் ஒரே பதிவேட்டில் இடம்பெற்றது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது.

அதற்கு முன் கடல் வணிகத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் கூட்டுச் சேர்ந்து, கப்பல் திரும்பியதும் கணக்கை முடித்து, முதலையும் லாபத்தையும் பிரித்துக்கொள்வார்கள். இந்தக் கம்பெனியிலும் 10 ஆண்டுகளுக்குப் பின் கணக்கை முடிக்கலாம் என்றுதான் பேச்சு. 1612 வந்தபோது இயக்குநர்கள் முதலைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பணம் வேண்டியவன் தன் பங்கை வேறொருவனுக்கு விற்கலாம்; கம்பெனியின் கணக்கர் முன்னிலையில் பதிவேட்டில் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். ஆள் மாறுவான், முதல் மாறாது. ஒரு பயணத்துக்கான முதலைக் கொண்டு கோட்டை கட்ட முடியாது. வெளியே போகாத முதல் இருந்ததால்தான் கொச்சியிலும் கொழும்பிலும் படாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) கோட்டையும் படையும் வைத்து, 139 ஆண்டுகள் கழித்துக் குளச்சலில் ஆளை இறக்க முடிந்தது. பின்னாளில் கூடுதல் பணம் தேவைப்பட்டபோது கம்பெனி புதிய பங்கு வெளியிடவில்லை. தன் பெயருக்கு இருந்த மதிப்பை வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கியது.

பங்கைக் கைமாற்றுவது போலவே கடனையும் கைமாற்றக் கற்றுக்கொண்டார்கள். மாற்றுச் சீட்டு இத்தாலியில் இடைக்காலம் தொட்டே இருந்தது: ஓர் ஊரில் ஒரு நாணயத்தில் பணத்தைப் பெற்றுக்கொண்டு, வேறோர் ஊரில் உள்ள தன் கூட்டாளி வேறொரு நாணயத்தில் அதைக் கொடுப்பார் என்று எழுதித் தரும் சீட்டு அது. வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்ததால், வட்டியை நாணய மாற்று விலைக்குள் சேர்த்துவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப்பில், சீட்டைக் கையில் வைத்திருப்பவனே பணத்தைக் கேட்டு வழக்காடலாம் என்ற உரிமை சட்டமானது. அடுத்து, சீட்டின் பின்பக்கம் கையெழுத்திட்டு மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கும் மேலெழுதுதல் வந்தது. கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் அந்தக் கடனுக்குப் பொறுப்பாவார் என்பதால், கை மாற மாறச் சீட்டு வலுப்பெற்றது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கிளையில் வட்டம் செய்த (தவணை நாளுக்கு முன்பே கழிவு பிடித்துப் பணம் கொடுத்த) மாற்றுச் சீட்டுகளுக்கும் இதே சட்டக் கருத்துத்தான் அடிப்படை.

1609 இல் ஆம்ஸ்டர்டாம் நகரசபை ஒரு மாற்று வங்கியைத் தொடங்கியது. எடை குறைந்ததும் விளிம்பு சுரண்டப்பட்டதுமாக எத்தனையோ நாட்டு நாணயங்கள் சந்தையில் கலந்து கிடந்த காலம் அது. 600 கில்டருக்கு மேற்பட்ட மாற்றுச் சீட்டுகளை இந்த வங்கி வழியாகவே தீர்க்க வேண்டும் என்று விதித்தார்கள். வணிகன் நாணயத்தை அங்கே கொடுத்தால், அதன் உண்மையான மதிப்பைச் சோதித்துக் கணக்கில் வரவு வைப்பார்கள். பிறகு ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு எழுத்தாலேயே பணம் நகரும். நாளடைவில் கணக்கில் இருந்த பணத்துக்குக் கையில் இருந்த நாணயத்தைவிட 4, 5 விழுக்காடு கூடுதல் மதிப்புக் கிடைத்தது.

ஆசியாவுக்கு மட்டும் இந்தக் கணக்கேட்டுப் பணம் போதவில்லை. இங்கே வெள்ளிதான் வேண்டும். எனவே பெட்டி பெட்டியாக வெள்ளி கப்பலில் வந்தது. அதில் பெரும்பகுதி, ஸ்பெயினின் செலவுகள் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்த அமெரிக்க வெள்ளியே. ஜப்பானிலிருந்து பெற்ற வெள்ளியும் செம்பும் சோழமண்டலத் துணியும் மீதித் தேவையை ஈடுகட்டின. இங்கிருந்த கம்பெனி ஊழியர்கள் தங்கள் சேமிப்பைப் படாவியாவில் கம்பெனியிடம் கட்டிச் சீட்டுப் பெற்று, ஊரில் உள்ளவர்கள் அங்கே பணமாக வாங்கிக்கொள்ளச் செய்தார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் வீட்டுக்குப் பணம் அனுப்புவதைப் போலத்தான்.

கோட்டாறு வணிகர் எழுதியது:

இருவருடைய விளக்கமும் பயனுள்ளது. எனினும் ஓர் ஐயம். கடனைக் கைமாற்றுவது ஐரோப்பியரின் தனித்திறமை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே காலத்தில் சூரத்திலிருந்து ஆக்ரா வரை நம் நாட்டு மாற்றுச் சீட்டுகளான உண்டிச் சீட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. பணமாற்று வணிகர்களான சராப்புகள் அவற்றை வட்டம் செய்து பணம் கொடுத்தார்கள். சூரத்தின் பெருவணிகர் விர்ஜி வோரா 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனிக்கே கடன் கொடுத்தவர். மிளகு வணிகத்தை அரசுடைமையாக்கிய மார்த்தாண்ட வர்மாவின் கருவூலமும் வலுவாகவே இருந்தது. கருவி இரண்டு பக்கமும் இருந்ததென்றால், வேறுபாடு எங்கே?

நாகர்கோவில் வரலாற்று மாணவன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. வணிகர்களுக்கிடையிலான கடனில் நம்மவர்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். வேறுபாடு வணிகனுக்கும் ஆட்சிக்கும் இடையில் இருந்தது என்பது என் கருத்து. ஆள்பவன் கொடுத்த வாக்கை ஆள்பவனே மீற முடியாதபடி கட்டிப்போடும் ஏற்பாடு, ஐரோப்பாவிலும் எல்லா நாட்டிலும் இருக்கவில்லை; ஒருசில இடங்களில்தான் உருவானது.

இங்கிலாந்தே சான்று. 1672 ஜனவரியில் அந்நாட்டு அரசன் இரண்டாம் சார்லஸ் கருவூலக் கடன்களைக் கட்டுவதை நிறுத்தினான். அவனுக்குப் பணம் கொடுத்திருந்த லண்டன் பொற்கொல்ல வங்கியாளர்கள் சிலர் அழிந்தே போனார்கள். 22 ஆண்டுகள் கழித்து, பிரான்சோடு நடந்த போருக்காக 12 லட்சம் பவுண்டு 8 விழுக்காடு வட்டிக்குக் கேட்கப்பட்டபோது, சில நாட்களிலேயே முழுத்தொகையும் சேர்ந்தது. அப்படித் தோன்றியதுதான் இங்கிலாந்து வங்கி. இடையில் மாறியது என்னவென்றால், 1688 புரட்சிக்குப் பின் கடனுக்குப் பொறுப்பு நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தது. வட்டிக்கென்று குறிப்பிட்ட வரிகளை அது சட்டத்தால் ஒதுக்கியது.

டீச்சர், இதன் இருண்ட பக்கத்தையும் வகுப்பில் சொல்லுங்கள். ஸ்டாக்ஹோமில் 1661 இல் காகிதப் பணம் வெளியிட்ட வங்கி, இருப்புக்கு மேல் அச்சடித்ததால் சில ஆண்டுகளில் முடங்கியது. 1720 இல் பாரிசில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டியெழுப்பிய வங்கியும் லண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்கு விலையும் அடுத்தடுத்துச் சரிந்தன. அந்தத் தென்கடல் கம்பெனிக்கு இருந்த உரிமைகளில் ஒன்று, ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுபோய் விற்பது. பங்குக்குப் பணம் எழுதிய பல்லாயிரம் பேர் அந்த விற்பனைக்கும் சேர்த்தே முதல் போட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாம் வங்கியின் முடிவும் இதே கணக்கில் வரும். வைப்பாக வந்த பணத்தைக் கடனாகக் கொடுப்பது அதன் விதிப்படி கூடாது. ஆனால் அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மறைவாகக் கடன் கொடுத்துவந்தது. 1780 இல் தொடங்கிய ஆங்கிலேயப் போரில் கம்பெனி கப்பல்களை இழந்து தடுமாறியபோது அந்தக் கடன் பெருகியது. 1790ஐ ஒட்டி இது வெளியே தெரிந்ததும் வங்கிப் பணத்தின் கூடுதல் மதிப்பு மறைந்து, நாணயத்தைவிடக் கீழே இறங்கியது. 1796 இல் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. 1799 டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் உரிமைப் பட்டயம் முடிந்தது. அதன் கடன்கள் படாவியக் குடியரசின் (அப்போதைய நெதர்லாந்து அரசு) கணக்கில், அதாவது வரி கட்டும் மக்களின் கணக்கில், சேர்ந்தன.