ஹோர்மோன் குளிசை தொடங்கி நான்கு மாதங்களில் மூன்றரைக் கிலோ கூடிவிட்டது: குளிசைதான் காரணமா?

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. மாதவிடாய் நின்று பதினாறு மாதங்களாகின்றன. இரவில் இரண்டு மூன்று தடவை உடம்பெல்லாம் சூடேறி வியர்த்து, தலையணை உறையை மாற்றிவிட்டுப் படுக்கவேண்டிய நிலை வந்ததால், தனியார் வைத்தியசாலை ஒன்றில் பெண்நோயியல் நிபுணர் ஒருவரைச் சனல் செய்து பார்த்தேன். எஸ்ட்ராடியோல் 2 மில்லிகிராம் ஒன்றும், மெட்ராக்சிபுரோஜெஸ்டரோன் 5 மில்லிகிராம் ஒன்றும் நாள்தோறும் எடுக்கும்படி எழுதித் தந்தார். எதற்காக இரண்டு குளிசை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எனக்கு அடுத்த இலக்கக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

வியர்வை ஒரு மாதத்திற்குள் நின்றுவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 58 கிலோவாக இருந்த என் நிறை இப்போது 61.5 ஆகிவிட்டது. காலையில் விரலில் இலகுவாகச் சுழலும் மோதிரம் பாடசாலை விட்டு வரும்போது சவர்க்காரம் பூசினாலும் கழல்வதில்லை. மார்பகங்களில் பாரமும் வலியும் இருக்கின்றன, வயிறு எந்நேரமும் ஊதியது போல இருக்கிறது, நாரி அகன்று சேலைச் சட்டைகள் எல்லாவற்றையும் பிரித்துத் தைக்கவேண்டியதாகிவிட்டது. வயிற்று ஊதலுக்கு இரண்டாவது குளிசைதான் காரணம் என்று எங்கோ வாசித்ததால், மூன்று வாரங்களாக அதை மட்டும் நிறுத்திவிட்டு எஸ்ட்ராடியோலைத் தொடர்கிறேன். ஊதல் சற்றுக் குறைந்திருக்கிறது, நிறை குறையவில்லை. பத்து ஆண்டுகளாகத் தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் 75 மைக்ரோகிராமும் எடுத்து வருகிறேன். காலையில் எழுந்ததும் அதையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டுத்தான் தேநீர் வைப்பேன். மற்றக் குளிசையையும் நிறுத்திவிட்டால் பழைய நிறைக்குத் திரும்புவேனா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர் எழுதியது:

சகோதரி, நிறையைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கருப்பை அகற்றப்பட்டதாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே அது இருக்கிறது என்றே கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் நிறுத்தியிருப்பது நிறுத்தக்கூடாத குளிசை. நீங்கள் தொடரும் எஸ்ட்ராடியோல் ஓர் எஸ்ட்ரோஜன். எஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்படலத்தை வளரச் செய்யும், அந்த வளர்ச்சியைக் கட்டுக்குள் வைத்திருப்பதே இரண்டாவது குளிசையின் வேலை. அமெரிக்காவில் 875 பெண்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 1995 இல் வெளியான பெப்பி என்ற ஆய்வில், கருப்பை இருந்தும் எஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தப் படலம் புற்றுநோயின் முன்னோடி என்று கருதப்படும் விதத்தில் தடித்திருந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் அது நூற்றுக்கு ஒருவருக்கே நேர்ந்தது. மூன்று வாரத்தில் பெரிய தீங்கு வந்திருக்காது, பயப்படவேண்டாம். ஆனால் நாளைக்கே உங்கள் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்லுங்கள். பிடிக்காத குளிசையை வேறொன்றாக மாற்றித் தர அவரால் முடியும். ஒன்றை எடுத்து ஒன்றை விடுவதைவிட, அவரிடம் பேசும்வரை இரண்டையும் நிறுத்தி வைப்பதுகூடப் பாதுகாப்பானது.

இனி நிறை. உங்கள் கேள்விக்கும் அதே பெப்பி ஆய்வில் விடை இருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளில் எல்லாப் பிரிவினருக்கும் சராசரியாக நிறை கூடியது. ஆனால் மிக அதிகமாகக் கூடியது வெற்றுக் குளிசை எடுத்த பெண்களுக்கு. ஹோர்மோன் எடுத்தவர்களுக்கு அவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே கூடியது. நடுவயதில் ஆண்டுக்கு அரைக் கிலோ அளவில் நிறை ஏறுவது பொதுவானது, மாதவிடாய் நிற்கும் காலத்தில் தசை குறைந்து, தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம்மாறுகிறது. குளிசை தொடங்கும் காலமும் அந்தக் காலமும் ஒன்றாகவே வருவதால் பழி குளிசையின்மேல் விழுகிறது.

அதற்காக உங்கள் மோதிரம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. வாயால் எடுக்கும் எஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே ஈரலுக்குச் செல்கிறது. அங்கே உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவைக்கும் செயல்முறைக்கு வேண்டிய ஒரு புரதத்தின் உற்பத்தியை அது கூட்டுகிறது. மாலையில் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து மெல்ல மேலெழுந்தால் அது நீர். இந்த நீரும் மார்பக வலியும் பெரும்பாலானோருக்கு மூன்று மாதங்களில் தணிந்துவிடும். உங்களுக்கு நான்கு மாதங்களாகியும் தணியவில்லை என்பதால் அளவைக் குறைப்பதையோ, முதலில் ஈரலுக்குச் செல்லாமல் தோலின் வழியே உடலில் சேரும் ஒட்டுத்தாள் அல்லது ஜெல்லுக்கு மாறுவதையோ வைத்தியரிடம் கேட்பது நியாயம்.

மூன்றாவதாக ஒன்று, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடமும் அதுதான். வாயால் எடுக்கும் எஸ்ட்ரோஜன், தைரொயிட் ஹோர்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் ஈரலில் கூட்டுகிறது. சுரப்பி நன்றாக இருப்பவர்களுக்கு அது தானே கொஞ்சம் அதிகமாகச் சுரந்து ஈடுசெய்துவிடும், குளிசையை நம்பியிருப்பவர்களுக்கு அது முடியாது. அதாவது, பத்து ஆண்டுகளாகப் போதுமானதாக இருந்த 75 மைக்ரோகிராம் இந்த நான்கு மாதங்களில் போதாமல் போயிருக்கலாம். போதாக்குறைக்குக் கல்சியத்தையும் அதோடு விழுங்குகிறீர்கள். கல்சியம் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே நான்கு மணித்தியாலம் இருக்கவேண்டும். தைரொக்சின் போதாவிட்டால் ஏறிக்காட்டும் டீ.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். பாமசி மேசைக்குப் பின்னால் நின்ற காலம் முழுவதும் தைரொக்சினையும் கல்சியத்தையும் ஒரே பையில் போட்டுக்கொடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் இது தெரியாது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தெஹிவளை அக்கா எழுதியது:

மருந்தாளர் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பில்லை, கொப்பி மட்டும் இருக்கிறது. ஹோர்மோன் தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளாக ஒரு சீ.ஆர். கொப்பியில் நிறை, நாரியளவு, நித்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் எழுதி வருகிறேன். முதல் ஆறு வாரங்களில் எனக்கு இரண்டு கிலோ ஏறியது, அதில் ஒன்றரைக் கிலோ மூன்றாவது மாதத்தில் தானாகவே இறங்கியது. அந்த ஒன்றரை நீர் என்று இப்போது விளங்குகிறது. மிச்சத்தை நான் எங்கே பிடித்தேன் தெரியுமா தங்கச்சி? வியர்வைக்காக எழும்பிய காலத்தில் விடிய மூன்று மணிக்கு இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரும் இரண்டு மாரி பிஸ்கட்டும் பழகியிருந்தேன். வியர்வை நின்ற பிறகும் கண் மட்டும் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டது, தேநீரும் பிஸ்கட்டும் தொடர்ந்தன. கொப்பியில் எழுதியிராவிட்டால் அவற்றைச் சாப்பாடு என்று நான் கணக்கெடுத்திருக்கவே மாட்டேன்.

நிறை பார்ப்பதானால் காலையில் மலசலகூடம் போய்வந்து, வெறும் வயிற்றில், ஒரே தராசில் பாருங்கள். மாலையில் பாமசி வாசல் இயந்திரத்தில் ஏறி இறங்கிவிட்டு அழுவதில் பயனில்லை, ஒரே நாளுக்குள் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். கடற்கரை நடை நல்லதுதான், ஆனால் எனக்கு உதவியது நடையைவிடப் பாரம் தூக்கியது. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

இன்னொன்று. என் நாத்தனார் இலண்டனிலிருந்து வரும்போது தன் ஒட்டுத்தாள்களில் ஒரு பெட்டியை அன்பாகக் கொண்டுவந்து தந்தார். வைத்தியரிடம் காட்டியபோது, அதில் எஸ்ட்ரோஜன் மட்டுமே இருக்கிறது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். நாத்தனாருக்குக் கருப்பை இல்லை, எனக்கு இருக்கிறது.

கொட்டாஞ்சேனை மகள் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மார்பகப் புற்றுநோய்க்கு மஹரகமவில் சிகிச்சை பெற்ற என் தாயாரும் ‘ஹோர்மோன் குளிசை’ என்று லெட்ரசோல் எடுக்கிறார். அவருக்கும் நிறை கூடுகிறது, மூட்டுகள் வலிக்கின்றன. மேலே சொன்னவை அவருக்கும் பொருந்துமா?

ஓய்வுபெற்ற மருந்தாளர் எழுதியது:

பொருந்தாது, மகள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை நேரெதிரானது. ஆசிரியை எடுப்பது எஸ்ட்ரோஜனைக் கொடுக்கும் குளிசை. அம்மா எடுப்பது உடலில் எஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் குளிசை. மூட்டுவலி லெட்ரசோலின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. அதைப் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டியதில்லை, கிளினிக்கில் சொன்னால் அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். எலும்பின் அடர்த்திப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். இங்கே பேசப்படும் எஸ்ட்ரோஜன் குளிசைகள் மட்டும் அம்மாவின் கைக்கு எட்டக்கூடாது.

முன்னாள் பொதுச் சுகாதாரத் தாதி எழுதியது:

ஆசிரியை தன் உயரத்தைக் குறிப்பிடவில்லை. ஐந்தடி ஓரங்குலம், அதாவது 155 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 58 கிலோவில் அவரது உடல் நிறைச் சுட்டெண் 24.1. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 23 ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பதால், குளிசைக்கு முன்பே அவர் எல்லையைக் கடந்திருக்கக்கூடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, 58 க்குத் திரும்பினால் எல்லாம் சரி என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நாரியளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. அளக்கும்போது நாடாவைச் சேலை கட்டும் இடத்தில் பிடிக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பிடிக்கவேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் 35 வயதைக் கடந்த பெண்களுக்காக நடக்கும் கிளினிக்கில் குருதி அமுக்கம், சீனி, மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் இலவசமாகவே செய்வார்கள். பல ஆசிரியைமார் பாடசாலை நேரம் என்று சொல்லி வருவதே இல்லை.

வீக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விடமுடியாது. இரண்டு காலும் மாலையில் ஒரேயளவு வீங்குவது வேறு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடாக இருப்பது வேறு. வாயால் எடுக்கும் எஸ்ட்ரோஜன் இரத்தக் கட்டி உண்டாகும் வாய்ப்பைக் கூட்டும். அப்படியொரு வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ வந்தால் இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காமல் 1990 க்கு அழைத்து அம்புலன்ஸில் ஏறுங்கள்.

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது (எட்டு வாரங்களின் பின்):

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. உயரம் 155 என்று தாதி அம்மா ஊகித்தது அப்படியே சரி. மறுநாளே வைத்தியரை அழைத்தேன். கண்டிப்பார் என்று பயந்தேன், ஏன் இரண்டு குளிசை என்று விளக்காதது தன் தவறு என்றார். ஸ்கான் செய்ததில் கருப்பையின் உட்படலம் தடிக்கவில்லை. எஸ்ட்ராடியோலை 1 மில்லிகிராமாகக் குறைத்து, மெட்ராக்சிபுரோஜெஸ்டரோனுக்குப் பதிலாக நுண்துகள் புரோஜெஸ்டரோன் 100 மில்லிகிராம் தந்தார். அது தூக்கம் வரவைக்கும் என்பதால் படுக்கும்போது எடுக்கச் சொன்னார், எனக்கு அதுவே வரமாகிவிட்டது.

டீ.எஸ்.எச். 8.6 ஆக இருந்தது. கடந்த ஆண்டு அது 2.4. தைரொக்சின் 100 மைக்ரோகிராம் ஆகியிருக்கிறது, கல்சியம் இரவுச் சாப்பாட்டோடு போய்விட்டது, மறுபரிசோதனை அடுத்த செவ்வாய்க்கிழமை. நேற்றுக் காலை வெறும் வயிற்றில் நிறை 60.1. மோதிரம் மாலையிலும் சுழல்கிறது. மார்பக வலி போய்விட்டது, இடையில் இரண்டு நாள் சிறிது இரத்தம் பட்டது. புதிதாகத் தொடங்கிய முதல் மூன்று நான்கு மாதங்களில் அது நேரலாம், ஆறு மாதங்களைத் தாண்டியும் தொடர்ந்தாலோ, நின்று மீண்டும் வந்தாலோ உடனே சொல்லவேண்டும் என்றார் வைத்தியர்.

நாரியளவு மட்டும் 86 இலேயே நிற்கிறது. தெஹிவளை அக்கா, போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன்; எத்தனை தடவை தூக்கித் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.